மாணவியர்க்குரிய 90 நிமிடம்: மாவட்டத் தடகளப் போட்டிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்புக் குழுவினருக்கு,

கடந்த மாதம் நீங்கள் நடத்தி முடித்த பள்ளிகளுக்கிடையேயான மாவட்டத் தடகளப் போட்டிகளில் மாணவர்களுக்கு இரண்டு நாட்களும் மாணவியருக்கு ஒரே ஒரு நாளும் ஒதுக்கப்பட்டதைக் குறித்து இதை எழுதுகிறேன். இரு பாலாருக்கும் போட்டிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். ஆனாலும், மாணவியர் இருட்டுவதற்குள் பாதுகாப்பாக வீடு திரும்ப வேண்டும் என்ற காரணத்தைச் சுற்றறிக்கையில் காட்டி, அவர்களுடைய முதற்சுற்று, இறுதிச்சுற்று, தொடரோட்டம், தாண்டுதல், எறிதல் அனைத்தையும் காலை எட்டரை மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையில் அடைத்துவிட்டீர்கள். ஆயத்தக் கூட்டத்தில் ஒருமுறையும் போட்டி நாளன்று மேடையருகே ஒருமுறையும் இதை உங்களிடம் நேரில் சொன்னேன். இரண்டு முறையும் எனக்குக் கிடைத்தது ஒரு புன்னகை மட்டுமே என்பதால் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அன்று நடந்ததை என் பள்ளி மாணவி ஒருத்தியை வைத்துச் சொல்கிறேன். அவள் பன்னிரண்டாம் வகுப்பு படிப்பவள். 19 வயதுக்குட்பட்டோர் பிரிவில் 400 மீட்டர் ஓட்டத்துக்கும் நீளம் தாண்டுதலுக்கும் 4 × 400 மீட்டர் தொடரோட்டத்துக்கும் பெயர் கொடுத்திருந்தாள். எங்கள் ஊரிலிருந்து விடியற்காலை ஐந்தே காலுக்குப் புறப்படும் முதல் பேருந்தைப் பிடித்தால்தான் எட்டு மணிக்கு மைதானம் வந்து சேர முடியும். அவள் அம்மா கட்டிக் கொடுத்த நான்கு இட்லியில் ஒன்றரையைப் பேருந்திலேயே தின்றுவிட்டு, ஓடும்போது வயிறு புரட்டும் என்று மீதியை மூடி வைத்துவிட்டாள். 400 மீட்டர் முதற்சுற்றின் கடைசி ஓட்டம் 11.10க்கு முடிந்தது. அவள் அதில் முதலாவதாக வந்தாள். ஸ்பைக்ஸ் என்ற ஆணிக் காலணியைக் கழற்றிக்கூட முடிக்கவில்லை, நீளம் தாண்டுதலுக்கு ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டார்கள். அங்கே இரண்டு முறை தாண்டினாள். மூன்றாவது வாய்ப்புக்குக் காத்திருந்தபோது 400 மீட்டர் இறுதிக்கு அழைப்பு வந்தது. 11.55க்கு இறுதிப் போட்டி தொடங்கியது. முதல் 250 மீட்டர் வரை முன்னால்தான் இருந்தாள். வளைவை விட்டு வெளியே வந்ததும் அவள் கால்கள் தரையை உதைப்பதை நிறுத்திவிட்டு வெறுமனே தரையில் படுவதை நான் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். முழங்கால் மேலேறவில்லை, தோள்கள் காதுவரை ஏறிவிட்டன, கைகள் குறுக்கே வீசத் தொடங்கின. நான்காவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் புல்லில் சாய்ந்தாள். என் ஸ்டாப் வாட்சில் அவளுடைய முதற்சுற்று நேரமும் இறுதி நேரமும் இருக்கின்றன. முதற்சுற்றில் ஓடிய அதே நேரத்தை மறுபடி ஓடியிருந்தாலே அவள் தங்கம் வென்றிருப்பாள். பிறகு 12.50க்கு, உச்சி வெயிலில், தொடரோட்டத்தில் நான்காவது ஆளாகக் கட்டையை வாங்கியும் அவளே ஓடினாள்.

அவள் புல்லில் கிடந்தபோது உங்கள் குழு உறுப்பினர் ஒருவர் என்னருகே வந்து, "பாருங்க டீச்சர், இதுக்குத்தான் பொம்பளப் புள்ளைங்களுக்குச் சீக்கிரம் முடிச்சிரணும்னு சொன்னோம்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எந்த அட்டவணை அவளைக் கீழே தள்ளியதோ அந்த அட்டவணைக்கே அவள் விழுந்ததைச் சான்றாகக் காட்டியதை என்னால் செரிக்க முடியவில்லை.

விதி என்ன சொல்கிறது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். தொழில்நுட்ப அலுவலர் தேர்வில் தேறியவர்கள் உங்களிடையே இருக்கிறார்கள். ஒரு சுற்றின் கடைசி ஓட்டம் முடிந்ததற்கும் அடுத்த சுற்றின் தொடக்கத்துக்கும் இடையில், நடைமுறையில் இயன்றவரை, 200 மீட்டர் வரையிலான ஓட்டங்களுக்குக் குறைந்தது 45 நிமிடமும், அதற்கு மேல் 1000 மீட்டர் வரை 90 நிமிடமும் விட வேண்டும், 1000 மீட்டருக்கு மேற்பட்டவற்றின் இரு சுற்றுகளை ஒரே நாளில் வைக்கக் கூடாது என்று உலகத் தடகள அமைப்பின் விதிநூல் கூறுகிறது. ஆண், பெண் என்று அந்த விதி பிரித்துப் பேசவில்லை. மாணவர்களின் 400 மீட்டருக்கு நீங்கள் விட்டது ஓர் இரவு. மாணவியருக்கு விட்டது 45 நிமிடம், அதாவது 100 மீட்டர் ஓடுகிறவருக்கு உரிய இடைவெளி. அதையும் நீளம் தாண்டுதல் விழுங்கிவிட்டது. எழுபோட்டித் தொடரான ஹெப்டத்லானில்கூட ஒரு போட்டிக்கும் அடுத்த போட்டிக்கும் இடையே இயன்றவரை 30 நிமிடமும், முதல் நாள் முடிவுக்கும் மறுநாள் தொடக்கத்துக்கும் இடையே 10 மணி நேரமும் இருக்க வேண்டும். பளு தூக்குதலில் ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச் முடிந்து, தோள்வரை தூக்கிப் பிறகு மேலே உயர்த்தும் கிளீன் அண்ட் ஜெர்க் தொடங்குவதற்குள் 10 நிமிடம் கட்டாயம்; ஒரே வீராங்கனை அடுத்தடுத்துத் தூக்க நேர்ந்தால் அவருக்கு ஒரு நிமிடத்துக்குப் பதில் இரண்டு நிமிடம் தருகிறார்கள். ஓய்வையும் போட்டியின் ஓர் அங்கமாகவே விதியை எழுதியவர்கள் வைத்திருக்கிறார்கள். குண்டின் எடையையோ தடையின் உயரத்தையோ ஒரு மாவட்டக் குழு தன் வசதிக்காக மாற்ற முடியாதென்றால், இடைவெளியை மட்டும் எப்படி மாற்ற முடியும்?

நிமிடக் கணக்குக்கு இவ்வளவு பிடிவாதமா என்று தோன்றினால், தசைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். சில நொடிகளில் முடியும் முயற்சிக்கு, ஒரு குண்டு எறிதலுக்கோ ஒரு தாண்டுதலுக்கோ, தசை தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் பாஸ்போகிரியாட்டின் என்ற உடனடி ஆற்றல் பொருளைச் செலவிடுகிறது. அதில் பாதி சுமார் அரை நிமிடத்திலும் பெரும்பகுதி மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள்ளும் திரும்ப நிரம்பிவிடும். ஆகவே எறிதலில் அடுத்தடுத்த வாய்ப்புகளுக்கு இடையே உள்ள காத்திருப்பே பெரும்பாலும் போதுமானது. அங்கே எனக்குக் குறையில்லை. 400 மீட்டர் வேறு வகை. ஒரு நிமிடத்துக்கு மேல் முழு மூச்சாக ஓடும்போது தசையில் அமிலத்தன்மை ஏறி, இழைகள் சுருங்கும் விசையே குறைகிறது. அப்படி ஓடும்போது தசையில் உண்டாகி இரத்தத்தில் ஏறிய லாக்டேட் என்ற பொருள் பழைய நிலைக்கு இறங்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். மெதுவாக நடந்தோ ஓடியோ கொண்டிருந்தால் சற்று விரைவாக இறங்கும், உட்கார்ந்தால் தாமதமாகும், வெயிலில் மணல்குழி அருகே வரிசையில் நிற்பது இரண்டிலும் சேராது. லாக்டேட் இறங்கிய பின்னும் தசைக்கு மூளையிலிருந்து வரும் கட்டளையும் அதற்குத் தசை பதில் கொடுக்கும் திறனும் முழுமையாகத் திரும்ப மேலும் சில மணி நேரம் பிடிக்கலாம். தசையில் சேமித்திருந்து கரைந்துபோன மாவுச்சத்தான கிளைக்கோஜன் நிரம்புவதற்கோ நல்ல சாப்பாட்டோடு ஏறக்குறைய ஒரு நாள் தேவை. அந்த 90 நிமிடம் முழு ஓய்வுக்கான அளவே அல்ல. அதற்குக் கீழே போகக் கூடாது என்ற எல்லை மட்டுமே.

பின்னர் உங்கள் தரப்பிலிருந்து ஒரு மறுப்பும் வந்தது. ஆண்களைவிடப் பெண்களின் தசை விரைவில் களைப்பிலிருந்து மீள்கிறது என்று ஆய்வுகள் கூறுகின்றனவே, அப்படியிருக்க அவர்களுக்கு ஏன் அதிக நேரம் என்று வாட்ஸப்பில் வந்த ஒரு செய்தியைக் காட்டிக் கேட்டார்கள். இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தச் செய்தி முழுப் பொய் இல்லை. தத்தம் அதிகபட்ச வலிமையில் ஒரே விழுக்காட்டு எடையைத் தூக்கும்போது பெண்கள் பல சோதனைகளில் ஆண்களைவிட மெதுவாகக் களைக்கிறார்கள், ஒரு செட்டுக்கும், அதாவது நிறுத்தாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு தொகுதிக்கும், அடுத்த செட்டுக்கும் இடையில் சற்று விரைவாகத் தேறுகிறார்கள் என்பது உண்மைதான். பெண்களின் தசையில் மெதுவாகச் சுருங்கும், எளிதில் களைக்காத இழைகளின் பங்கு கூடுதலாக இருப்பதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த முடிவுகள் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில், உண்டு உறங்கி ஓய்வெடுத்து வந்தவர்களிடம், சில நிமிட இடைவெளிகளை வைத்து எடுக்கப்பட்டவை. இரண்டு செட்டுக்கு இடையே ஆணைவிடப் பெண்ணுக்குச் சற்றுக் குறைந்த நேரம் போதும் என்பதிலிருந்து, 400 மீட்டருக்குப் பின் பெண்ணுக்கு விதியில் உள்ள நேரத்தில் பாதி போதும் என்ற முடிவுக்குத் தாவ முடியாது. விளையாட்டு அறிவியல் இதழ்களில் 2014 முதல் 2020 வரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பங்கேற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே பெண்கள் என்றும், பெண்களை மட்டுமே வைத்துச் செய்யப்பட்ட ஆய்வுகள் 6 விழுக்காடு என்றும் தெரியவந்தது. பெண்களைப் பற்றி இவ்வளவு குறைவாக அளந்து வைத்துக்கொண்டு, அளந்ததில் நமக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொள்வது சரியல்ல.

இன்னொன்றும் கவனியுங்கள்: ஒரே குழு, ஒரே வாரத்தில், பெண்பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்பதால் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்றும், அவர்கள் நன்றாகத் தாங்குவார்கள் என்பதால் இடைவெளி வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறது. காரணம் எதுவானாலும் குறைந்தது அவர்களுடைய நேரம்தான்.

இதில் என் பங்குத் தவற்றையும் மறைக்க விரும்பவில்லை. பணியில் சேர்ந்த முதல் பத்து ஆண்டுகளில், ஓய்வு கேட்ட பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டியவள்தான் நான். எங்கள் பள்ளியில் இருப்பது பளு தூக்கும் கம்பியான பார்பெல் ஒன்றே ஒன்று. முப்பது பிள்ளைகள் அதைச் சுற்றி நிற்பார்கள். எடையைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் ஒரு செட் முடிந்த அரை நிமிடத்தில் அடுத்ததைத் தொடங்கு என்பேன். வலிமைக்காகக் கனத்த எடையைத் தூக்குகிறவர் செட்டுகளுக்கு இடையே இரண்டு மூன்று நிமிடமாவது விட வேண்டும் என்பதைப் பின்னால் ஒரு பயிற்சி முகாமில்தான் கற்றுக்கொண்டேன். அதைக் கடைப்பிடித்த பருவத்தில் அதே பிள்ளைகள் அதே பார்பெல்லில் அதிக எடையைத் தூக்கினார்கள் என்பதைத் தவிர வேறு மாயம் எதுவும் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு வகுப்பறைக் கட்டடத்தின் பின்சுவரில் ஒரு சோதனை செய்து வருகிறேன். இதற்குக் கருவி ஏதும் வேண்டாம். விரல் நுனியில் சாக்பீஸ் பொடியைத் தொட்டுக்கொண்டு நின்ற இடத்திலிருந்து எம்பிச் சுவரைத் தொட வேண்டும். முழு வேகத்தில் 300 மீட்டர் ஓடிவிட்டு வந்து கால்மணி நேரத்தில் எம்பினால், பெரும்பாலான பிள்ளைகளின் கோடு காலையில் போட்ட கோட்டுக்கு மூன்று நான்கு விரற்கடை கீழே விழும். முக்கால் மணி நேரத்தில் அந்த வித்தியாசம் பாதியாகும். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பலருடைய கோடு பழைய கோட்டின் மீதோ ஒரு விரல் கீழோ நிற்கும். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளைகளின் கோடு மட்டும் அப்போதும் மேலேறாது. இதை நான் ஆய்வு என்று சொல்லவில்லை. மழைக்காலத்தில் அழிந்துவிடும் சாக்பீஸ் கோடுகள்தாம். ஆனால் காலில் வலிமை போவதும் திரும்ப வருவதும் கண்ணால் பார்க்கக்கூடியது என்பதற்கு அந்தச் சுவரே எனக்குப் போதும். உங்களில் யாரேனும் ஒரு சனிக்கிழமை வந்தால் காட்டுகிறேன்.

சாப்பாட்டைச் சொன்னதால் இரத்தத்தையும் சொல்ல வேண்டும். 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. நம் மைதானத்துக்கு வரும் பிள்ளைகள் இந்தக் கணக்குக்கு வெளியே இருந்து வருகிறவர்கள் இல்லை. ஹீமோகுளோபின் குறைந்தால் தசைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். ஓட்டத்துக்குப் பின் தேறும் வேலை பெரும்பாலும் ஆக்சிஜனை வைத்தே நடப்பதால், இரத்தசோகையுள்ள பிள்ளைக்கு ஓய்வு மற்றவரைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். மாதவிடாயைப் பற்றி உங்கள் கூட்டத்தில் பேச எல்லோரும் கூச்சப்படுகிறார்கள், நான் கூச்சப்படவில்லை: மாதவிடாய் நாட்களில் வலிமை குறைவது சராசரியாகப் பார்த்தால் மிகச் சிறிய அளவே என்றும், ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுகிறது என்றும்தான் ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே அதை வைத்து யாரையும் விலக்கவோ தனி அட்டவணை போடவோ வேண்டியதில்லை. வேண்டியது தண்ணீர் வரும் கழிப்பறை. அன்று மைதானத்தில் மாணவியருக்கு இருந்த இரண்டு கழிப்பறைகளில் ஒன்று பூட்டியிருந்தது. பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பது எந்தப் பெண் ஆசிரியைக்கும் தெரியும்: காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். வெயிலில், நீர் வற்றிய உடம்போடு, 45 நிமிட இடைவெளியில் இரண்டாவது 400 மீட்டர்.

1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 800 மீட்டர் முதன்முதலாக நடந்தது. ஓடி முடித்த சில வீராங்கனைகள் தரையில் சாய்ந்தார்கள். ஆண்களும் அப்படிச் சாய்வதுண்டு. ஆனால் பத்திரிகைகள் அதைப் பெண்ணுடலின் இயலாமை என்று மிகைப்படுத்தி எழுத, அந்தப் போட்டியே நீக்கப்பட்டு, 1960இல் ரோமில்தான் மீண்டும் சேர்க்கப்பட்டது. என் மாணவி புல்லில் கிடந்ததைக் காட்டி அந்த உறுப்பினர் சொன்னது எனக்கு இதைத்தான் நினைவூட்டியது. ஓய்வு வேண்டும் என்ற என் கோரிக்கையை, அப்படியானால் 400 மீட்டரையும் 800 மீட்டரையும் மாணவியருக்குக் குறைத்துவிடலாம் என்று யாரும் திருப்பிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதி வைக்கிறேன்.

பெரிய போட்டிகளில் இது எப்படி நடக்கிறது என்று நம் மாநிலத்துப் பெண்ணையே எடுத்துப் பார்க்கலாம். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தின் முதற்சுற்றை அக்டோபர் 2ஆம் தேதி 55.42 நொடியில் ஓடி, 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பி. டி. உஷா படைத்த தேசியச் சாதனையைச் சமன் செய்தார். இறுதிப் போட்டி மறுநாள், 55.68 நொடியில் வெண்கலம் வென்றார். முதற்சுற்று நடந்த அன்றே ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் ஓடும் கலப்புத் தொடரோட்டத்திலும் அவர் ஓடினார் என்பதை நீங்கள் எடுத்துக்காட்டலாம். ஓடினார்தான். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு முழுப் பகல் இருந்தது. உடன் பயிற்சியாளர்களும் உணவும் நிழலும் இருந்தன. என் மாணவிக்கு இருந்தவை மூடி வைத்த இரண்டரை இட்லியும் என் துப்பட்டாவின் நிழலும்.

மாவட்டப் போட்டிதானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இங்கே கிடைக்கும் இடம்தான் மாநிலப் போட்டிக்குப் போக வழி. மாநிலப் போட்டிச் சான்றிதழ்தான் எங்கள் பிள்ளைகளில் பலருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்குள் நுழைய இருக்கும் ஒரே சீட்டு. அந்த ஓட்டத்தில் வென்ற மூன்று மாணவியரும் அதே வெயிலில் நேர்மையாக ஓடி வென்றவர்கள். அவர்களுடைய பதக்கத்தைத் தொடும்படி நான் எதையும் கேட்கவில்லை. அவர்களில் இருவர் வேறு எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்காதவர்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். யார் வேகமானவர் என்பதைவிட யாருக்கு அன்று குறைந்த வேலை இருந்தது என்பதையே உங்கள் அட்டவணை அளந்திருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பவை இவை. அடுத்த ஆண்டு முதல், மாவட்டப் போட்டிக்கு முன் நடக்கும் குறுவட்டப் போட்டியிலும் மாவட்டப் போட்டியிலும், மாணவர்களுக்கு எத்தனை நாளோ அத்தனை நாள் மாணவியருக்கும் ஒதுக்குங்கள். இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்ற அக்கறை உண்மையானால், நாளைக் குறைக்காமல் பேருந்து ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு வேன்களின் வாடகை, அன்று மேடைக்குப் போட்ட பந்தலின் செலவைவிடக் கூடுதலாக இருக்காது. சுற்றுகளுக்கு இடையேயான 45 நிமிடம், 90 நிமிடம் என்ற விதியை அட்டவணையின் தலைப்பிலேயே அச்சிடுங்கள்; நேரம் போதவில்லையென்றால் அதைக் குறைக்கும் உரிமை அறிவிப்பாளருக்கோ ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டருக்கோ இல்லை என்றும், பயிற்சியாளர் ஒப்புக்கொண்டாலும் செல்லாது என்றும் எழுதுங்கள், ஏனென்றால் அவசரத்தில் ஒப்புக்கொள்கிறவர்கள் நாங்களும்தான். 400 மீட்டர் இறுதிக்கு முந்தைய இடைவெளியில் அதே வயதுப் பிரிவின் தாண்டுதல் போட்டிகளை வைக்காதீர்கள். பதினொன்றரை மணி முதல் மூன்று மணி வரை 200 மீட்டருக்கு மேற்பட்ட ஓட்டம் எதையும் வைக்காதீர்கள். இது மாணவர்களுக்கும் பொருந்தட்டும். பூட்டாத, தண்ணீர் வருகிற கழிப்பறைகளும் நிழலும் குடிநீரும் இருக்கின்றனவா என்பதை முதல் நாள் மாலையே ஒரு பெண் ஆசிரியை நேரில் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே போட்டியைத் தொடங்குங்கள். அட்டவணை தயாரிக்கும் ஐவர் குழுவில் இன்று ஒரு பெண்கூட இல்லை. குறைந்தது இரண்டு உடற்கல்வி ஆசிரியைகளைச் சேருங்கள். நான் அந்த இடத்தைக் கேட்கவில்லை, என்னைவிட இளையவர்கள் பலர் இருக்கிறார்கள்.

இவற்றில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை ஏற்கவில்லை, ஏன் என்பதைக் குறுவட்டப் போட்டிக்கான அடுத்த சுற்றறிக்கை வெளிவருவதற்கு முன் எழுத்துமூலம் எனக்கும், அன்று போட்டியில் கலந்துகொண்ட பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் ஸ்டாப் வாட்சில் உள்ள நேரங்களையும் அன்றைய அழைப்புகளை நான் குறித்து வைத்த ஏட்டையும் நீங்கள் கேட்கும் நாளில் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியை,
அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி